நேரம் அறிந்த தோட்டம்



அக்னி நட்சத்திரம் முடிந்து ஆனி பிறந்துவிட்டது. நம் சேத்தூரில் மலைப்பக்கமிருந்து காற்றும் திரும்பிவிட்டது. இந்த நேரத்தில் வீட்டுத் தோட்டம் போட்டிருப்பவர்களிடம், "செடியெல்லாம் எப்படி இருக்கு?" என்று கேட்டால் பாதிப் பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். தக்காளி பூத்துக் கொட்டிவிட்டது, பூசணிக் கொடி வாசல்வரை ஓடியும் பிஞ்சு வெம்பி விழுந்துவிட்டது, மல்லிகை ஒரு சுற்று பூத்ததோடு நின்றுவிட்டது என்று குறை சொல்வார்கள். கோடைத் தோட்டத்தை இப்படிக் கூடையை வைத்து அளப்பது சரிதானா? இன்றைய உரையில் அதைத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

விதைப் பொட்டலங்களிலும் தோட்டக் காணொளிகளிலும் 'முழு வெயில் வேண்டும்' என்று சொல்லியிருப்பார்கள். குளிர்நாடுகளில் அது பொருந்தும். பனி விலகிய பிறகு வரும் சில மாதக் கோடைதான் அவர்களுக்கு வருடத்து வெள்ளாமை. நம் கணக்கு வேறு. ஆடியில் விதைத்துத் தை வரை பறிக்கிறவர்கள் நாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பெருகிய கண்மாய், சித்திரையில் தரை தெரியக் கிடக்கும் ஊர் நம்முடையது. இந்த மூன்று மாத வெயிலில் ஒரு வீட்டுத் தோட்டம் தேறியதா என்று பார்க்க, நான் ஒரே ஒரு கேள்வி வைத்திருக்கிறேன்: எதை எப்போது செய்ய வேண்டும் என்று அந்த வீட்டாருக்குத் தெரிந்திருக்கிறதா?

இதற்கு முன்மாதிரி தேடி நாம் வெகுதூரம் போக வேண்டாம். இராசபாளையத்தைத் தாண்டினால் ஸ்ரீவில்லிபுத்தூர். பெரியாழ்வார் நந்தவனம் அமைத்து, நாள்தோறும் வடபத்திரசாயிக்கு மாலை கட்டிச் சாத்திய ஊர். அந்த நந்தவனத்துத் துளசியடியில் ஆண்டாள் கிடைத்தாள் என்பது நம் ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த கதை. இன்றும் சித்திரைத் திருவிழாவுக்காக ஆண்டாள் சூடிய மாலை மதுரைக்குப் போகிறது. அதை அணிந்துகொண்டுதான் அழகர் வைகையில் இறங்குகிறார். ஆண்டாள் கையிலிருக்கும் கிளியோ தினமும் புதிதாகக் கட்டப்படுவது. மரவள்ளி இலை உடலாகவும் மாதுளம்பூ மூக்காகவும் அமையும். கொளுத்தும் சித்திரையிலும் துளசி தழைத்திருக்க வேண்டும், மாதுளை பூத்திருக்க வேண்டும். பூசைக்கு நேரம் தப்பக் கூடாது என்ற ஒரே கட்டாயம், அந்தத் தோட்டக்கலைக்கு இத்தனை நூற்றாண்டு ஒழுங்கைக் கொடுத்திருக்கிறது. வீட்டுத் தோட்டக்காரர்கள் அங்கே கற்க வேண்டியது இந்த ஒழுங்கைத்தான்.

பூச்செடிகளை முதலில் பார்ப்போம். கோடை மல்லிகையின் காலம். புதிதாகத் துளிர்க்கும் கிளை நுனியில்தான் அது மொட்டு வைக்கும். அதனால் கார்த்திகைக் கடைசிக்குள், தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டுக் கவாத்து செய்த செடி, பங்குனி, சித்திரையில் குலுங்கும். வெட்ட மனம் வராமல் விட்ட செடி, பழைய கிளையோடு புதராக நிற்கும். வைகாசியில் பூ இல்லையே என்று உரம் போடுகிறவர்கள், கார்த்திகையில் என்ன செய்தோம் என்று யோசித்துப் பார்க்க வேண்டும். இப்போது செய்யக் கூடியதும் உண்டு. ஒரு சுற்று பூத்து முடிந்ததும் நுனிகளை லேசாகக் கிள்ளிவிட்டு, மட்கிய சாணமும் தண்ணீரும் கொடுத்தால் அடுத்த துளிர் வரும். மொட்டு வெள்ளையாக இல்லாமல் ஊதா நிறம் ஏறித் துளையோடு இருந்தால் அது மொட்டுப்புழுவின் வேலை. அந்த மொட்டுகளைப் பறித்து அப்புறப்படுத்துங்கள். செடியடியில் போட்டால் புழு அங்கேயே தங்கும்.

காய்களில் கோடைக்குப் பிறந்தவை என்றால் வெண்டை, சீனி அவரை, கத்தரி, தண்டுக்கீரை, அப்புறம் பந்தல் கொடிகள். தக்காளி அப்படியில்லை. பகல் வெப்பம் 35 பாகையைத் தாண்டி, இரவும் புழுங்கினால் மகரந்தம் வீரியம் இழக்கும்; பூ உதிரும். அது உங்கள் கைக்குறை அல்ல. செடியை நிழலுக்கு நகர்த்தி உயிரோடு காப்பாற்றினாலே போதும்.

கொடிகளின் விஷயம் நுட்பமானது. பூசணியிலும் பாகலிலும் புடலிலும் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. வெப்பம் ஏற ஏற ஆண்பூக்கள் பெருகும், பெண்பூ அருகும். பூசணிப் பூவை விடியற்காலையில் உற்றுப் பாருங்கள். மெல்லிய காம்பில் நிற்பது ஆண். இதழுக்குக் கீழே குட்டிக் காய் உருண்டிருந்தால் அது பெண். வண்டும் தேனீயும் வராத மொட்டை மாடியில் அந்தக் குட்டிக் காய் ஓரிரு நாளில் மஞ்சளித்துச் சுருங்கிவிடும். ஆண்பூவைப் பறித்து, இதழை உரித்துவிட்டு, நடுவிலிருக்கும் மகரந்தத்தைப் பெண்பூவின் நடுவில் மெல்லத் தடவிவிட்டால் காய் பிடிக்கும். பூசணிக்கும் பாகலுக்கும் இது காலை வேலை. பீர்க்கும் சுரையும் சாயங்காலம் மலர்பவை. புடல் இருட்டிய பிறகு விரியும். சுரைக்காரர் காலை எட்டு மணிக்குப் பூவைத் தேடினால் வாடிய இதழ்தான் கையில் வரும்.

தண்ணீரிலும் இதே கதைதான். மத்தியானம் கொடியின் இலைகள் தொங்குவதைப் பார்த்துப் பதறி, வாளியைத் தூக்குகிறவர்கள் அதிகம். அந்த வாட்டம், நீர் ஆவியாகிப் போவதைக் குறைக்க இலை தானே எடுத்துக்கொள்ளும் ஓய்வு. பொழுது சாய்ந்ததும் நிமிர்ந்துவிடும். காலையிலும் தொங்கிக் கிடந்தால்தான் தாகம். மண்ணில் விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். உள்ளே ஈரமிருந்தால் ஊற்ற வேண்டாம். வெயில் ஏறுமுன் ஊற்றுவதும், ஊற்றிய ஈரத்தைத் தென்னை நார்க்கழிவாலும் காய்ந்த சருகாலும் மூடிவைப்பதும் பாதி வேலையை முடித்துவிடும். தென்னந்தோப்புகள் சூழ்ந்த நம் பக்கத்தில் மூடாக்குக்குக் காசு செலவழிக்கத் தேவையே இல்லை.

நம் வட்டாரத்துக்கென்றே ஓர் எச்சரிக்கை உண்டு. மாசிப்பட்டத்தில் இறவைப் பருத்தி விளையும் மண் இது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பருத்தி ஆராய்ச்சி நிலையமே இயங்குகிறது. பருத்தியும் வெண்டையும் செம்பருத்தியும் ஒரே குடும்பம். காட்டிலிருக்கும் வெள்ளை ஈக்கும் தத்துப்பூச்சிக்கும் உங்கள் வீட்டு வெண்டையும் உறவுதான். வெண்டை இலையின் நரம்புகள் மஞ்சளாகி வலைபோலத் தெரிந்தால் அது வெள்ளை ஈ பரப்பிய தேமல் நோய். அதற்கு மருந்து கிடையாது. தயங்காமல் அந்தச் செடியைப் பிடுங்கிவிட வேண்டும். மற்றச் செடிகளைக் காக்க, மஞ்சள் பிளாஸ்டிக் தகட்டில் விளக்கெண்ணெய் தடவிக் கட்டுங்கள். லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து, மாலையில் இலையின் அடிப்புறம் படும்படி தெளியுங்கள்.

இன்றைய வீட்டுத் தோட்டக் கலையில் எனக்குப் பெருமகிழ்ச்சியும் உண்டு, ஒரு வருத்தமும் உண்டு. பெயிண்ட் வாளியிலும் சிமெண்ட் சாக்கிலும் கீரை வளர்க்கும் வீடுகள் கூடியிருப்பது மகிழ்ச்சி. ஒவ்வொரு பட்டத்துக்கும் விதையைக் கடையில் வாங்குவதே பழக்கமாகியிருப்பது வருத்தம். நம் வீட்டுப் பெரியவர்கள் பூசணி, சுரை விதைகளைப் பச்சைச் சாணத்தில் பதித்துச் சுவரில் வரட்டியாகத் தட்டி வைப்பார்கள். பூச்சி அண்டாது, ஆடியில் உதிர்த்து ஊன்றலாம். இந்தக் கோடையைத் தாங்கிக் காய்த்த செடியின் விதைக்கு, இந்த மண்ணும் வெயிலும் ஏற்கெனவே பழக்கம்.

எனவே நேயர்களே, ஆடிப் பட்டத்துக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. நோய் தொடாமல் நிற்கும் நாட்டு வெண்டைச் செடியில் நல்ல காயாக இரண்டைப் பறிக்காமல் விடுங்கள். அவை செடியிலேயே முற்றிக் காயட்டும். விதையை எடுத்துச் சாம்பலில் புரட்டிப் பத்திரப்படுத்துங்கள். ஆடிக் காற்று வருமுன் பந்தல் கால்களை இறுக்கிக் கட்டிவிடுங்கள். ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர் பார்க்கப் போகும்போது, அந்த நந்தவனத்தையும் ஒரு தோட்டக்காரர் கண்ணோடு பார்த்துவிட்டு வாருங்கள். கூடை நிறையாமல் போயிருந்தாலும், ஆடியில் ஊன்ற ஒரு கைப்பிடி சொந்த விதை உங்களிடம் இருக்குமானால், உங்கள் தோட்டம் இந்தக் கோடையில் தேறிவிட்டது என்றே நான் மதிப்பெண் போடுவேன்.