ஆலோசகர் கையில் நம் பாஸ்வேர்டு



தாம்பரம் சானடோரியத்தில் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி இருக்கும் மெப்ஸ் வளாகம் நம்மில் பலருக்குத் தெரிந்த இடம். 1984-இல் ஏற்றுமதிக்கென்று தொடங்கியது. இன்று அங்கே கணினி நிறுவனங்களும் இருக்கின்றன. சென்னையில் 1994-இல் பிறந்த காக்னிசன்ட்டுக்கும் அங்கே ஓர் அலுவலகம் உண்டு. பிற நிறுவனங்களுக்கு ஆலோசனை சொல்வதும் அவர்களின் கணினி வேலையைப் பார்த்துக்கொடுப்பதும்தான் அதன் தொழில்.

2020 ஏப்ரல், ஊரடங்கு நேரம். 'மேஸ்' என்ற மிரட்டல் வைரஸ் காக்னிசன்ட்டுக்குள் புகுந்தது. அந்தக் காலாண்டில் 5 கோடி முதல் 7 கோடி டாலர் வரை பாதிப்பு இருக்கும் என்று நிறுவனமே கணக்குச் சொன்னது. என்னைக் கேட்டால், பணத்தைவிடப் பெரிய செய்தி வேறு. வாடிக்கையாளர்கள் சிலர் தங்கள் கணினிகளுக்குள் காக்னிசன்ட் வருவதையே கொஞ்ச நாள் நிறுத்திவைத்தார்கள். ஆலோசனை நிறுவனத்தில் நுழைந்தவன் அதன் வழியாக நம்மிடமும் வந்துவிடலாம் என்ற பயம் அது. வீண் பயம் அல்ல. அதற்கு முந்தைய ஆண்டு விப்ரோவில் ஊழியர் சிலர் போலி மின்னஞ்சலில் ஏமாந்தபோது, உள்ளே புகுந்தவர்கள் அங்கிருந்தே அதன் வாடிக்கையாளர்களைத் தாக்க முயன்றதாகச் செய்தி வந்தது.

சரி, எந்த ஆலோசனை நிறுவனம் பத்திரமானது, எது ஆபத்தானது என்று ஒப்பிட முடியுமா? ஒப்பிட்டுச் சொல்வதற்கென்றே நிறுவனங்கள் இருக்கின்றன. கடன் கேட்டுப் போனால் வங்கியில் சிபில் மதிப்பெண் பார்ப்பார்களே, அதுபோல. பிட்சைட் என்ற நிறுவனம் 250-இலிருந்து 900 வரை மதிப்பெண் போடுகிறது. பழைய மென்பொருள் ஓடுகிறதா, பாஸ்வேர்டு எங்காவது கசிந்திருக்கிறதா என்று பெரும்பாலும் வெளியிலிருந்தே பார்த்துப் போடும் மதிப்பெண்.

உள்ளே நடப்பது அதில் எவ்வளவு தெரியும்? டெலாய்ட் மற்றவர்களுக்கு இணையப் பாதுகாப்பு சொல்லிக்கொடுக்கும் நிறுவனம். அதன் மின்னஞ்சல் அமைப்புக்குள் ஆள் புகுந்தது 2017 செப்டம்பரில் வெளியே தெரிந்தது. நிர்வாகியின் கணக்கு ஒன்றுக்கு பாஸ்வேர்டு மட்டும்தான் காவல், ஓ.டி.பி. போன்ற இரண்டாவது சோதனை இல்லை என்று கார்டியன் நாளிதழ் எழுதியது. பாதிக்கப்பட்ட வாடிக்கையாளர்கள் மிகச் சிலரே என்றது டெலாய்ட்.

இன்னொன்று, வழக்காகவே இருக்கிறது. அமெரிக்காவின் குளோராக்ஸ் நிறுவனம் காக்னிசன்ட் மேல் 2025 ஜூலையில் 38 கோடி டாலர் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டது. 2023-இல் குளோராக்ஸுக்காகக் காக்னிசன்ட் நடத்திய உதவி மையத்துக்கு யாரோ ஒருவன் போன் போட்டு, ஊழியர்போல் பேசி, பாஸ்வேர்டு கேட்டான். ஆள் யாரென்று விசாரிக்காமல் கொடுத்துவிட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. எங்கள் பொறுப்பு உதவி மையம் வரைதான், குளோராக்ஸின் பாதுகாப்பு எங்கள் வேலை அல்ல என்று காக்னிசன்ட் மறுக்கிறது. தீர்ப்பு எப்படியும் வரட்டும். போனில் நடக்கும் பேச்சுக்கு எந்த மதிப்பெண் பட்டியலிலும் இடமில்லை.

ஆகவே, ஒப்பிட வேண்டியது நிறுவனத்தின் பெயரை அல்ல. நம்முடையது எதெல்லாம் அவர்களிடம் இருக்கிறது, கேட்டவருக்கு அதை எப்படிக் கொடுக்கிறார்கள் என்பதைத்தான்.

இதைக் குரோம்பேட்டையில் பட்டறை வைத்திருப்பவரும் சேலையூரில் கடை வைத்திருப்பவரும் தங்கள் ஆடிட்டரிடமே கேட்டுப் பார்க்கலாம். வருமான வரி பாஸ்வேர்டு அவர் நோட்டில் இருக்கும். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் அவர் மேஜை டிராயரில், பின் நம்பர் எழுதி ஒட்டிய ஸ்டிக்கரோடு கிடக்கும். ஜி.எஸ்.டி. பதிவில் உள்ள மொபைல் எண்கூடப் பல இடங்களில் அவருடையதுதான், ஓ.டி.பி. நமக்கு வருவதே இல்லை. ஆடிட்டர் நல்லவர், சந்தேகமில்லை. அவர் அலுவலகத்தில் போன மாதம் வேலையை விட்டுப் போன பையன்?

ஜி.எஸ்.டி. இணையதளத்தில் வரி ஆலோசகரை முறைப்படி இணைத்துக்கொள்ள வழி இருக்கிறது. அவர் தன் பெயரிலேயே நுழைந்து நம் வேலையைச் செய்யலாம். வேண்டாமென்றால் நாமே நீக்கிவிடலாம். பாஸ்வேர்டைக் கொடுக்கத் தேவையில்லை. மொபைல் எண்ணையும் திருத்தம் போட்டு நம் எண்ணாக்கிக்கொள்ளலாம்.

இந்த வாரமே உங்கள் ஆடிட்டரிடம் போய் டோக்கனைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இணைய மோசடியில் பணம் பறிபோனது தெரிந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.