லொரைன் விடுதி யாருடைய சின்னம்?

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)

அமெரிக்காவில், மிசிசிப்பி நதிக்கரையில், மெம்பிஸ் என்றொரு நகரம். அங்கே லொரைன் மோட்டல் என்றொரு விடுதி. காரில் வருகிறவர்கள் வண்டியை அறை வாசலிலேயே நிறுத்தித் தங்கும் விடுதிக்கு அந்நாட்டில் மோட்டல் என்று பெயர். 1968 ஏப்ரல் 4 மாலை, அந்த விடுதியின் மாடியில், 306-ம் எண் அறை வாசலில் நின்றுகொண்டிருந்த மார்ட்டின் லூதர் கிங்கை நிறவெறியனின் குண்டு சாய்த்தது.

இதை உலகம் அறியும். ஆனால் அட்லாண்டாவில் குடியிருந்த கிங் மெம்பிசுக்கு எதற்காக வந்தார்? குப்பை அள்ளும் தொழிலாளர்களின் வேலை நிறுத்தத்துக்குத் துணை நிற்க வந்தார். இதைப் பலர் சொல்வதில்லை. ஆகவே நாம் சொல்கிறோம்.

அந்த விடுதியை 1945-ல் வால்டர் பெய்லி என்ற கறுப்பின மனிதர் வாங்கினார். மனைவி லோரீயின் பெயரை ஒட்டி லொரைன் என்று பெயர் வைத்தார். தென் மாகாணங்களில் அன்று வெள்ளையர் விடுதியில் கறுப்பருக்கு இடமில்லை. கையில் காசு இருந்தாலும் இல்லை. லூயி ஆம்ஸ்ட்ராங் போன்ற புகழ்பெற்ற இசைக் கலைஞர்களும் லொரைனில்தான் தங்கினார்கள்.

1964-ல் விடுதிகளில் நிறபேதம் கூடாதென்று சட்டம் வந்தது. கதவு திறந்தது, சரி. உள்ளே போய்த் தங்கக் கூலி வேண்டாமா?

மெம்பிஸ் நகரசபையின் குப்பைத் தொழிலாளர்கள் ஏறக்குறைய எல்லாரும் கறுப்பர்கள். ஒழுகும் தொட்டிகளைத் தலையிலும் தோளிலும் சுமந்தார்கள். முழுநேரம் உழைத்தும், குடும்பத்தைக் காப்பாற்ற அரசாங்க உதவிப் பணத்தை எதிர்பார்த்தவர்கள் பலர். 1963-ல் சங்கம் அமைக்க முயன்ற 33 பேரை நகரசபை வேலையை விட்டு நீக்கியது. பழுதான குப்பை லாரியில் 1964-ல் இருவர் இறந்தார்கள். அப்போதும் லாரிகளை மாற்றவில்லை. 1968 பிப்ரவரி 1-ந் தேதி கொட்டும் மழையில் லாரிக்குள் ஒதுங்கிய எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இரு தொழிலாளர்களைக் குப்பை நசுக்கும் இயந்திரம் இழுத்து நசுக்கியது.

பிப்ரவரி 12-ந் தேதி 1,300 பேர் வேலைக்குப் போகவில்லை. சங்கத்தை அங்கீகரி, கூலியை உயர்த்து, உயிருக்குப் பாதுகாப்புக் கொடு என்றார்கள். முடியாது என்றார் மேயர் ஹென்றி லோப். போலீஸ் தடியோடும் கண்ணெரிக்கும் மருந்தோடும் வந்தது. தொழிலாளர்கள் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு வரிசையாக நடந்தார்கள். அட்டையில் இருந்தது ஒரே வாசகம்: "நான் ஒரு மனிதன்."

கூலிக் கோரிக்கையும் மானக் கோரிக்கையும் அங்கே ஒன்றாகிவிட்டன. ஆகவேதான் கிங் வந்தார். மார்ச் 28 ஊர்வலம் கலவரத்தில் முடிந்தது. 16 வயதுப் பையன் ஒருவன் போலீஸ் குண்டுக்குப் பலியானான். அமைதியாக இன்னொரு ஊர்வலம் நடத்திக் காட்டுவோம் என்று கிங் திரும்பி வந்தார். வந்த இடத்தில்தான் உயிரைக் கொடுத்தார். சுடப்பட்ட அன்றே விடுதிக்காரரின் மனைவி லோரீக்கு மூளையில் ரத்தக் குழாய் வெடித்தது. கிங்கை அடக்கம் செய்த நாளில் அந்த அம்மையாரும் இறந்தார்.

தலைவரைக் கொன்றால் போராட்டம் சாகும் என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். ஏப்ரல் 8-ந் தேதி கிங்கின் மனைவி கோரெட்டா முன்னே நடக்க, பல்லாயிரம் பேர் மௌனமாக அணிவகுத்தார்கள். ஏப்ரல் 16-ந் தேதி நகரசபை பணிந்தது. சங்கம் அங்கீகாரம் பெற்றது, கூலி உயர்ந்தது. அதன் பிறகும், ஒப்பந்தப்படி நடக்க வைப்பதற்கு மறுபடியும் வேலை நிறுத்தம் செய்வோம் என்று எச்சரிக்க வேண்டியிருந்தது. கையெழுத்து வாங்கியதோடு வேலை முடிவதில்லை என்பது நமக்குத் தெரியாததா?

விடுதி நொடித்தது. பெய்லி 306-ம் எண் அறையை மட்டும் வாடகைக்கு விடாமல் காத்துவந்தார். 1982-ல் விடுதி ஏலத்துக்கு வந்தது. ஊரார் அமைத்த நினைவு நிறுவனம் 1,44,000 டாலருக்கு அதை எடுத்தது. அந்தத் தொகையில் நகராட்சி ஊழியர் சங்கத்தின் பணமும் உண்டு. எவருடைய போராட்டத்துக்காகக் கிங் உயிர் நீத்தாரோ, அவர்களுடைய சங்கம் அந்த இடத்தை மீட்கத் தோள் கொடுத்தது! 1991-ல் அங்கே தேசியக் குடியுரிமைப் போராட்டக் காட்சிசாலை திறக்கப்பட்டது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். காட்சிசாலைக்காக 1988-ல் விடுதியைக் காலி செய்தபோது, அங்கே குடியிருந்த ஒரு பெண்ணைப் போலீசார் வெளியேற்றினார்கள். ஏழைகளுக்கு வீடு கொடுப்பதல்லவா கிங்குக்கு நினைவுச் சின்னம் என்று கேட்டு, எதிர்ப்புறம் தெருவோரத்தில் உட்கார்ந்து ஆண்டுக்கணக்கில் மறியல் செய்தார் அவர். சின்னம் வேண்டியதுதான், சரித்திரம் தெரியாத வர்க்கம் ஏமாறும். ஆனால் அந்தப் பெண்ணின் கேள்விக்கு மலர்வளையம் பதிலாகாது. வீடும் கூலியும்தான் பதில்.

தோழர்களே! லொரைன் விடுதியைப் பற்றி எவராவது பேசினால், கிங்கின் பெயரோடு கோல், வாக்கர் என்ற இரண்டு பெயர்களையும் சேர்த்துச் சொல்லுங்கள். மழைக்கு ஒதுங்க இடமில்லாமல் செத்த அந்த இருவருக்காக எழுந்து நின்ற 1,300 பேரின் சின்னம் அது. அவர்கள் நின்றது சங்கத்தில் சேர்ந்து நின்றதால். நமக்கும் அதைவிட வேறு ஆயுதம் கிடையாது.