கணினித் தொழிலும் நம் பிள்ளைகளும்



சில வாரங்களுக்கு முன் தந்தை ஒருவர் என் அலுவலகத்துக்கு வந்தார். மழையைப் பற்றியும் வெங்காய விலையைப் பற்றியும் நெடுநேரம் பேசியிருந்துவிட்டு, எழுந்து போகும் வேளையிலே தாம் வந்த கருமத்தைச் சொன்னார். “அதிபர் ஐயா, பிள்ளை கொம்பியூட்டர்தான் படிப்பேன் என்று நிற்கிறாள். கை நிறையச் சம்பளம் என்கிறார்கள். ஆனால் அந்த உத்தியோகம் நிலைக்குமோ? பென்சன் உண்டோ?”

அவருடைய கேள்வியையே இன்றைய பேச்சுக்குப் பொருளாக எடுத்துக்கொண்டேன். நான் கணினி வல்லுநன் அல்லேன், கலைப் பட்டதாரி. நான் பல்கலைக்கழகத்திற் பயின்ற காலத்தில், 1990 ஆம் ஆண்டு தொடங்கிச் சில ஆண்டுகள், யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரமே இல்லை. ஜாம் போத்தலில் திரியிட்டு ஏற்றிய விளக்கொளியில் படித்தோம். துவிச்சக்கர வண்டியின் சில்லைச் சுழற்றி, அதன் டைனமோவிற் பிறந்த மின்சாரத்தைக்கொண்டு வானொலிச் செய்தி கேட்டோம். அங்ஙனம் கேட்ட வானொலியிலே இன்று கணினியைப் பற்றிப் பேச நேர்ந்திருப்பது எனக்கே வியப்பாக இருக்கின்றது.

பென்சனைப் பற்றிக் கேட்ட அத்தந்தையை நகையாடுதல் தகாது. ஆங்கிலம் கற்ற நம் முன்னோர் மலாயாவுக்குக் கப்பலேறி, புகையிரதப் பகுதியிலும் பிற அரசாங்கப் பகுதிகளிலும் எழுதுவினைஞராயிருந்து, முதுமையில் ஊர் திரும்பி, ஓய்வூதியத்திலே வீடு கட்டி வாழ்ந்தனர். ‘மலாயன் பென்சனியர்’ என்றால் ஊரில் தனி மதிப்பு. பின்னர் போர் மூண்டபோதும், தோட்டமும் கடலும் கைவிட்ட வேளையிலுங்கூட, அரசாங்க ஊழியருக்கு மாதச் சம்பளம் பெரும்பாலும் வந்துகொண்டிருந்தது. அச்சம்பளத்தால் உலையேற்றிய வீடுகள் பல. உத்தியோகம் என்றால் நிலைபேறு என்னும் எண்ணம் நமக்கு இவ்வாறு பட்டறிவினாற் கிடைத்தது.

ஆயினும் அந்த அளவுகோலைக்கொண்டு கணினித் தொழிலை அளந்தால் கணக்குப் பிழைத்துவிடும். நான் அவ்வாறு பிழைவிட்டவன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

2020 ஆம் ஆண்டில் அரசாங்கம் பட்டதாரிகளைப் பயிலுநர்களாக நியமித்தபோது, என் பழைய மாணவி ஒருத்திக்கும் நியமனக் கடிதம் வந்தது. அவள் கணினி விஞ்ஞானம் கற்றவள். கொழும்பில் மென்பொருள் நிறுவனம் ஒன்றும் அவளை அழைத்திருந்தது. அவளுடைய பெற்றோர் என்னிடம் வந்தனர். நான் சிறிதும் தயங்காமல், “அரசாங்க நியமனத்தைக் கைவிட வேண்டாம்” என்றேன். அவளும் கேட்டாள். 2022 ஆம் ஆண்டு வந்தது. மார்ச் மாதத் தொடக்கத்தில் 200 ரூபாவை அண்டியிருந்த அமெரிக்க டொலர் மே மாதத்தில் 350 ரூபாவைக் கடந்தது. மாவும் மருந்தும் மண்ணெண்ணெயும் விலையேறின. அவளுடைய சம்பளம் ஏறவில்லை. வெளிநாட்டுப் பணியைச் செய்து டொலரில் ஊதியம் பெற்ற அவளுடைய தோழியர், அந்த நெருக்கடியிலும் தம் குடும்பத்தைத் தாங்கினர்.

அப்பொழுது அவளை ஒரு கோவில் வீதியிற் கண்டேன். மன்னிப்புக் கேட்பவன்போல ஏதோ சொன்னேன். “நீங்கள் சொன்னது பிழையென்று நான் சொல்லமாட்டேன், சேர். அம்மாவுக்குச் சுகமில்லாத நேரத்தில் வீட்டோடு இருக்கக் கிடைத்தது. ஆனால் நீங்கள் அப்பாவிடந்தான் பேசினீர்கள், என்னிடம் ஒன்றுமே கேட்கவில்லை” என்றாள். அச்சொல் இன்றுவரை என்னை விட்டு அகலவில்லை.

இதனைக் கேட்டு, அப்படியாயின் கணினித் தொழிலே மேலானது என்று எவரும் முடிவுகட்ட வேண்டாம். அவளுக்கு இரண்டு வகுப்பு முந்திய மாணவன் ஒருவன் அத்தொழிலில் நன்றாயிருந்தான். 2023 ஆம் ஆண்டில், கடல் கடந்த வாடிக்கையாளர் ஒருவர் தம் வேலையை நிறுத்தியதும், அவனுக்கும் அவனோடு பணியாற்றியவர்களுக்கும் ஒரு மின்னஞ்சல் வந்தது. அம்மட்டே. வேறு வேலை தேட ஏழு மாதமாயிற்று. டொலரைத் தரும் கை அதனை நிறுத்தவும் வல்லது.

இனி, அவ்வேலைதான் யாது? கணினியின் முன்னிருந்து தட்டச்சுச் செய்வது என்று நானும் ஒருகால் நினைத்திருந்தேன். இன்னது நிகழ்ந்தால் இன்னது செய் என்று, ஐயத்துக்கு இடமின்றிப் பொறிக்குக் கட்டளையிடுவதே செய்நிரல் எழுதுதல். ஒரு குறி தவறினாலும் முழுவதும் நின்றுவிடக்கூடும். அந்தத் தவறு எங்கே ஒளிந்திருக்கின்றது என்று தேடுவதிலேயே நாளின் பெரும்பகுதி கழியும் என்கிறார்கள் என் மாணவர்கள். எழுதியதைச் சோதிப்போரும், வாடிக்கையாளரின் தேவையைக் கேட்டறிந்து எழுதித் தருவோரும், வலையமைப்பைப் பேணுவோரும் வேறாக உளர். அவர்களிற் சிலருக்குக் கணிதத்தைக் காட்டிலும் மொழித்திறனே வேண்டப்படுகின்றது. கலைப் பிரிவு மாணவர் இதனைக் கவனிக்க வேண்டும்.

மொழி என்றதும் ஆங்கிலத்தைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. தமிழ்மொழிமூலம் கற்ற நம் பிள்ளை அறிவிற் குறைந்தவள் அல்லள். ஆயினும் நேர்முகப் பரீட்சையிலே வாய் திறக்க அஞ்சுகிறாள். பாடசாலைகளிலே நாம் ஆங்கிலத்தை எழுதக் கற்பித்த அளவுக்குப் பேசக் கற்பிக்கவில்லை. இஃது எங்கள் குறை.

நேரத்தைப் பற்றியும் ஒரு சொல். நியூயோர்க் நகரில் காலை ஒன்பது மணி என்றால், பருவத்துக்கேற்ப நமக்கு மாலை ஆறரை அல்லது ஏழரை. அங்குள்ளோர் கூடிப் பேசத் தொடங்கும் வேளையில் இங்கே விளக்கேற்றியாகிவிடும். 2020 ஆம் ஆண்டின் கொள்ளைநோய்க்குப் பின், வீட்டிலிருந்தே பணியாற்றும் வழக்கம் பரவி, பருத்தித்துறையிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் கொழும்பு நிறுவனத்துக்கு வேலை செய்ய இயல்கின்றது. இது பெரும் பேறு. ஆனால் வீடே அலுவலகமானால் அலுவலகம் எப்பொழுது மூடும்? பெண்பிள்ளையாயின், வீட்டிலிருக்கிறாள்தானே என்று அடுப்படி வேலையும் அவள் தலையிலேயே விழுகின்றது.

இவை எல்லாவற்றினும் பெரிய ஐயம் ஒன்று அண்மையில் எழுந்திருக்கின்றது. கேட்டவுடன் செய்நிரலையும் எழுதித்தரும் செயற்கை நுண்ணறிவுப் பொறி 2022 ஆம் ஆண்டின் இறுதியிலே பொதுமக்கள் கைக்கு வந்தது. தொடக்க நிலையில் இளைஞருக்குக் கொடுக்கப்பட்ட எளிய வேலைகளை இப்பொறி செய்யத் தொடங்கிவிட்டது. அதனால் அத்தொழிலே அழியுமென்று நான் சொல்லேன். பொறி எழுதியதிலும் பிழை உண்டு, அதனைக் காணத்தக்க கண் வேண்டும். ஆயின் அந்தக் கண்ணைப் பெறுவதற்கு முதலிற் செய்து பழகிய சிறு வேலைகள் குறைந்தால், இளையவர் எங்கே பழகுவர்? என் மாணவர்களிடமும் கேட்டேன். அவர்களிடமும் தெளிவான விடை இல்லை.

பென்சனைப் பற்றியும் சொல்லவேண்டும். தனியார் துறையிலே ஓய்வூதியம் இல்லை; ஊழியர் சேமலாப நிதி உண்டு. சம்பளத்தில் ஊழியர் நூற்றுக்கு 8, தொழில்கொள்வோர் நூற்றுக்கு 12 செலுத்துதல் வேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குத் தொழில்கொள்வோர் மேலும் 3 செலுத்துவர். வீட்டிலிருந்தே வெளிநாட்டாருக்குத் தனித்து வேலை செய்வோருக்கு இவையும் இல்லை. தாமே சேமித்தல் வேண்டும். இருபத்தைந்து வயதில் கையிற் பெருந்தொகை புரளும்போது அது எளிதன்று.

அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடையாவிட்டால் வழியே இல்லையென்றும் எண்ணலாகாது. கொழும்புப் பல்கலைக்கழகம் தகவல் தொழில்நுட்ப வெளிவாரிப் பட்டத்தை 2000 ஆம் ஆண்டு முதல் நடத்திவருகின்றது. உயர்தரத்திலே கலைப் பிரிவு மாணவரும் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பத்தை ஒரு பாடமாக எடுக்கலாம். எனினும் விளம்பரப் பலகையைக் கண்டு, நிலத்தை அடகு வைத்துப் பணங்கட்டுமுன், அச்சான்றிதழை எவர் ஏற்பர் என்று விசாரித்துக்கொள்க.

இத்தனையும் சொன்ன பின்பும், ஒரு குறிப்பிட்ட பிள்ளைக்கு இது ஏற்றதா என்பது தெரிந்துவிடாது. அன்று அம்மாணவியிடம் கேளாத கேள்விகளை இப்பொழுது கேட்க முயல்கிறேன். ஒரு பிழையோடு மூன்று மணி நேரம் சினமின்றி உட்கார்ந்திருப்பாயா? கற்றது ஐந்தாண்டில் பழையதானால், இளையவனிடத்திற் போய் மீண்டும் கற்க நாணுவாயா? இவற்றுக்கு வாய்விடை போதாது. ஆதலால் அத்தந்தையிடம், “திங்கட்கிழமை பாடசாலை கலைந்த பின் மகள் கணினி அறைக்கு வரட்டும், நீங்கள் வரவேண்டாம்” என்றேன்.

அக்கணினி அறையின் கதை வேறு. முதன்முதல் கணினிகள் வந்தபோது, பிள்ளைகள் பழுதாக்கிவிடுவர் என்று அஞ்சித் துணியால் மூடி, அறையைப் பூட்டித் திறப்பை என் அலுமாரியில் வைத்திருந்தேன். ஒருவரும் தொடாமலே அவை பழையனவாயின. இப்பொழுது திறப்பு ஆசிரியரிடம் இருக்கின்றது.

திங்கட்கிழமை அவள் வந்தாள். ஆசிரியர், வேண்டுமென்றே ஒரு பிழையை வைத்த செய்நிரலைக் கொடுத்துவிட்டு அப்பாற் போய்விட்டார். ஐந்து மணிக்குக் காவலாளி படலை பூட்ட வந்தபோதும் அவள் அப்பிழையைக் கண்டுபிடிக்கவில்லை. முகம் வாடியிருந்தது. “நாளைக்கும் வரலாமா, சேர்?” என்று கேட்டாள். தந்தையார் படலைக்கு வெளியே மோட்டார்ச் சைக்கிளில் காத்திருந்தார். சேமலாப நிதிக் கணக்கை இன்னுமொரு முறை விளக்கிச் சொல்லும்படி என்னைக் கேட்டார்.