ஏற்காடு ஏற்றமும் 34 பல் சக்கரமும்

(நமது சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பத்து நிமிடம் பேசச் சொன்ன செயலாளர், "சைக்கிளைப் பற்றிப் பேசுங்கள் சார், பராமரிப்புக் கட்டணத்தைப் பற்றி வேண்டாம்" என்று நிபந்தனையும் போட்டார். ஏற்றுக்கொண்டேன்.

காலை ஐந்தரைக்கு சைக்கிளோடு லிப்டை அடைத்துக்கொண்டு நிற்கும் ஆசாமி நான்தான் என்பது பி பிளாக்கில் எல்லோருக்கும் தெரியும். வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றதும், வந்த பணத்தில் வாங்கிய முதல் பொருள் அந்த 21 கியர் சைக்கிள். அடுத்த வருடமே, 61 வயதில், அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி ஏற்காடு ஏரிக்கரையில் டீ குடித்தேன். அதை எத்தனை பேரிடம் சொன்னேன் என்று என் வீட்டுக்காரம்மாவைக் கேளுங்கள், சரியான கணக்கு கிடைக்கும்.

போன வருடம், 66 வயதில், மூன்றாவது வளைவிலேயே இறங்கிவிட்டேன். மூச்சு இருந்தது. வலது முழங்கால்தான் ஒத்துழைக்கவில்லை. பைக்கில் போன ஒரு பையன் வண்டியை நிறுத்தி, "தாத்தா, தண்ணி வேணுமா?" என்று கேட்டான். நல்ல பிள்ளை. ஆனால் அன்று இரவே சைக்கிளை விற்றுவிடுவது என்று முடிவு செய்து, நம் வாட்ஸ்அப் குழுவில் போடப் படம்கூட எடுத்துவிட்டேன்.

எலும்பு டாக்டர் எக்ஸ்ரேவைப் பார்த்து, "மூட்டு கொஞ்சம் தேய்ந்திருக்கிறது. சைக்கிளை விடாதீர்கள், அழுத்தி மிதிப்பதை விடுங்கள்" என்றார். அழுத்தாமல் மலை எப்படி ஏறுவது? அதற்குப் பதில் மெக்கானிக் தம்பியிடம் இருந்தது. "பின்னாடி பெரிய சக்கரம் 28 பல்லு சார். 34 உள்ள பிரீவீல் போட்டுடலாம்."

எனக்குக் கோபம்தான் வந்தது. வயதாகிவிட்டது என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது மாதிரி இருந்தது. இரண்டு வாரம் தள்ளிப்போட்டேன். பிறகு பி.காம். படித்தவன் செய்ய வேண்டியதைச் செய்தேன். பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முன்னால் சின்ன செயின் வீல் 28 பல். பின்னாலும் 28 என்றால், பெடல் ஒரு சுற்று, டயரும் ஒரு சுற்று. என் சைக்கிளில் அது சுமார் 2.15 மீட்டர். மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் ஏறினால் நிமிடத்துக்கு 46, 47 மிதி. பின்னால் 34 போட்டால் அதே வேகத்துக்கு 56, 57 மிதி. ஆனால் ஒவ்வொரு மிதியிலும் கொடுக்கும் அழுத்தம் சுமார் 18 சதவீதம் குறைகிறது.

மலையின் உயரமும் என் எடையும் அசல் மாதிரி. அதில் தள்ளுபடி கிடையாது. தவணை எண்ணிக்கை கூடுகிறது, தவணைத் தொகை குறைகிறது, அவ்வளவுதான். எத்தனை பேருக்குத் தவணையை நீட்டிக்கொடுத்து விண்ணப்பம் எழுதியிருக்கிறேன்! அவர்களில் ஒருவரையும் நான் மட்டமாக நினைத்ததில்லை. அங்கேயாவது வட்டி கூடும், இங்கே அதுவும் இல்லை.

பிரீவீல், சற்று நீளமான புதுச் செயின், கூலி எல்லாம் சேர்த்து 1,500 ரூபாய்க்குள் முடிந்தது. ஒரு குறை உண்டு. 24 பல்லுக்கு அடுத்தது நேரே 34 என்பதால், மாற்றும்போது கால் திடீரென்று காற்றில் சுற்றுவது போல இருக்கும். பழகிவிடுகிறது. தம்பி இன்னொன்றும் செய்தார், சீட்டை இரண்டு விரல்கடை உயர்த்தினார். இத்தனை வருடமாகத் தாழ்வாக வைத்து, முழங்காலை அதிகம் மடக்கியே ஓட்டியிருக்கிறேன். பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் லேசாக மட்டும் மடங்கியிருக்க வேண்டுமாம். சீட்டு தாழ்வாக இருந்தால் மூட்டின் மேல் பாரம் கூடும். இதற்கு ஒரு காசு செலவில்லை.

ஓட்டும் முறையையும் மாற்ற வேண்டியிருந்தது. வளைவுக்குள் திணறிக்கொண்டே கியர் மாற்றினால் செயின் கடமுடவென்று அலறும். வளைவு கண்ணில் பட்டதும் மாற்றிவிட வேண்டும். இடது பக்கம் திரும்பும் வளைவில் நாம் உள்ளோரமாகப் போகிறோம், அங்கேதான் ஏற்றம் செங்குத்து. பின்னால் பஸ் வந்தால் நான் கூச்சப்படாமல் இறங்கி நின்றுவிடுவேன். அவ்வளவு மெதுவாகப் போகும்போது சைக்கிள் ஆடும்.

போன மாதம் பன்னிரண்டாவது வளைவு வரை போனேன், மூன்று இடத்தில் நின்று. ஒரு இடத்தில் குரங்கு என் வாழைப்பழத்தைப் பறித்துக்கொண்டது, அதனால் அங்கே ஓய்வு சற்று நீண்டது. மறுநாள் மாடிப்படி இறங்கும்போது முழங்கால் வலிக்கவில்லை. ஏரிக்கரை டீக்கு இன்னும் எட்டு வளைவு பாக்கி.

நம் பார்க்கிங்கில் எண்ணிப் பார்த்தேன், 19 சைக்கிள் காற்றில்லாமல் நிற்கின்றன. சொந்தக்காரர்களில் பாதிப் பேர் என் வயதுக்காரர்கள். ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கீழே கொண்டுவந்தால் சீட்டு உயரத்தைச் சரிபார்த்துத் தருகிறேன், ஸ்பானர் என்னிடம் இருக்கிறது. கழற்றிய 28 பல் பிரீவீலும் அதிகம் தேயாமல் வீட்டில் சும்மா கிடக்கிறது. முழங்கால் நன்றாக உள்ள பிள்ளைகள் யாருக்காவது பொருந்தினால் வந்து எடுத்துக்கொள்ளலாம்.