மண்ணுக்கடியில் கொட்டகைக்குப் போகும் மின்சாரமும் தண்ணீரும்

வீட்டைவிட்டுத் தள்ளி, மனையின் பின்கோடியில் நிற்கும் கொட்டகைக்கு மின்சாரம் கொண்டுபோக, பெரும்பாலும் தலைக்குமேல் ஒரு வயரை இழுத்துக் கட்டிவிடுவதே வழக்கம். வடசென்னையின் புளியந்தோப்பிலும் ஓட்டேரியிலும் வெல்டிங் பட்டறை, தையல் கூடம், வண்டி பழுதுபார்க்கும் ஷெட் என வீட்டோடு ஒட்டிய தொழிலிடங்கள் பலவற்றுக்கு மின்சாரம் இப்படித்தான் போகிறது. அந்த வயர் துணிக்கொடியில் படும். தகரக் கூரையில் உரசி உறை தேயும். புயல் காற்றில் அறுந்து விழும். மண்ணுக்கடியில் கொண்டுபோனால் இந்தத் தொல்லைகள் இல்லை. ஆனால் புதைத்துவிட்டதாலேயே ஆபத்து போய்விடாது. 2017 நவம்பர் 1 அன்று கொடுங்கையூரில், மழைநீர் தேங்கிய தெருவில், மின்பெட்டியிலிருந்து வெளியே கிடந்த கம்பியை மிதித்து இரண்டு சிறுமிகள் உயிரிழந்தார்கள். வடசென்னையில் மண்ணில் கேபிள் போடுகிறவர் முதலில் நினைக்க வேண்டியது தேங்கும் தண்ணீரைத்தான்.

ஓட்டேரி நல்லா என்ற ஓடைக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் அருகில் கிடக்கும் தாழ்ந்த நிலம் புளியந்தோப்பு. 2015, 2021, 2023 மழைகளில் இங்கே வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. சாலையை மேலே மேலே போட்டு உயர்த்தியதால் பல வீடுகளின் தரை தெருமட்டத்துக்குக் கீழே போய்விட்டது. ஐப்பசியில் இரண்டடி தோண்டினாலே பள்ளத்தில் நீர் ஊறும் இடங்கள் உண்டு. ஆகவே இந்த வேலைக்கு ஏற்ற காலம் பங்குனியிலிருந்து ஆனி வரை.

கேபிள் பதிப்பதற்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 1255, வீட்டு மின்னழுத்தத்துக்கு 75 சென்டிமீட்டர், அதாவது இரண்டரை அடி ஆழம் சொல்கிறது. பள்ளத்தின் அடியில் கல்லும் கண்ணாடித் துண்டும் பொறுக்கி எடுத்து, மூன்று அங்குலம் மணல் பரப்பி, கேபிளை இழுத்துப் பிடிக்காமல் லேசாக வளையவிட்டுப் படுக்க வைக்க வேண்டும். மேலே மீண்டும் மணல், அதன்மேல் செங்கல் வரிசை, இன்னும் ஓரடி மேலே எச்சரிக்கை நாடா. பிற்காலத்தில் கடப்பாரை போடுகிறவருக்கு நாடாவும் செங்கல்லும்தான் அறிவிப்பு.

சுவருக்குள் ஓடும் சாதாரண வயரைக் குழாய்க்குள் நுழைத்துப் புதைப்பது பரவலான தவறு. குழாய்க்குள் எப்படியும் ஈரம் சேரும். பெருச்சாளி குழாயையும் கடிக்கும், வயரையும் கடிக்கும். இரும்புக் கம்பிகளால் சுற்றிய ஆர்மர்டு கேபிளே மண்ணுக்கு உரியது. அதையும் ஒரே நீளமாக வாங்க வேண்டும். துண்டு மிச்சமிருக்கிறது என்று நடுவில் முறுக்கி, டேப் சுற்றிப் புதைத்த இணைப்பு முதல் மழையிலேயே கசியத் தொடங்கும். மண்ணுக்கடியில் இணைப்பே இல்லாமல் பார்த்துக்கொள்வது இந்த வேலையில் பாதிப் பாதுகாப்பு. இரண்டு முனைகளும் கிளாண்டு வழியாகப் பெட்டிக்குள் நுழைய வேண்டும். அந்தப் பெட்டிகள், கடந்த வெள்ளம் சுவரில் விட்டுப்போன கறைக்கு மேலே இருக்க வேண்டும்.

கேபிளின் தடிமனைத் தூரமும் சுமையும் தீர்மானிக்கின்றன. 30 மீட்டர் தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிளில் 10 ஆம்பியர் ஓடினால் சுமார் நான்கரை வோல்ட் குறையும், அது பரவாயில்லை. மோட்டார் கிளம்பும்போது, ஓடும்போது இழுப்பதைப்போலப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும் என்பதால், பட்டறைக்கு 4 சதுர மில்லிமீட்டர் போடுவது நல்லது.

உயிரைக் காப்பது, மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் ஆர்சிசிபி. சுமை மீறினால் விழும் எம்சிபி கேபிளைக் காப்பாற்றுமே தவிர, ஆளைக் காப்பாற்றாது. 16 ஆம்பியர் எம்சிபி, ஒருவர் உடல் வழியே 50 மில்லி ஆம்பியர் பாய்வதை உணரவே உணராது. இதயத் துடிப்பைக் குலைக்க அந்த அளவே போதும். ஆர்சிசிபியோ ஃபேஸில் போகும் மின்சாரத்தையும் நியூட்ரலில் திரும்புவதையும் ஓயாமல் ஒப்பிடுகிறது. இரண்டுக்கும் 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தால், நொடியில் மூன்றில் ஒரு பங்குக்குள் துண்டித்துவிடும். கொட்டகைக்கென்று இது தனியாக, வீட்டு மெயின் போர்டிலேயே இருக்க வேண்டும். அப்போதுதான் புதைந்த கேபிளும் அதன் காவலுக்குள் வரும். கேபிளின் இரும்புச் சுற்றையும், கொட்டகையின் இரும்புத் தூண், தகரக் கூரை எல்லாவற்றையும் எர்த்தோடு சேர்க்க வேண்டும். உப்பு ஏறிய ஈர மண்ணில் எர்த் நன்றாகப் பிடிக்கும். அதே உப்பு ஜிஐ எர்த் குழாயைச் சீக்கிரம் அரிக்கவும் செய்யும். எர்த் குழியின் மூடியைத் திறந்து இணைப்பை ஆண்டுதோறும் பார்ப்பது இங்கே அவசியம்.

கொட்டகைக்குத் தண்ணீர்க் குழாயும் போடுவதானால், அது கேபிளிலிருந்து குறைந்தது ஓரடி விலகிப் போக வேண்டும். குழாய் உடைந்தால் தோண்டுகிறவர் கேபிளில் கைவைக்க நேரக்கூடாது. பனி உறையும் நாடுகளில் தண்ணீர் உறையாமலிருக்கக் குழாயை ஆழமாகப் புதைக்கிறார்கள். சென்னைக்கு ஒன்றரை அடி போதும். ஜிஐ குழாய் இந்த மண்ணில் துருப்பிடிக்கும் என்பதால் யூபிவிசி அல்லது எச்டிபிஇ ஏற்றது.

குழாயின் பெரிய எதிரி சாக்கடை. மெட்ரோ வாட்டர், அதாவது குடிநீர் வாரியத்தின் தண்ணீர், நாள் முழுவதும் வருவதில்லை. வராத நேரத்தில் குழாயில் அழுத்தம் இல்லை. அப்போது யாராவது அடிபம்பை அடித்தாலோ மோட்டார் போட்டாலோ, விரிசல் வழியே சுற்றியுள்ள ஈரம் உள்ளே உறிஞ்சப்படும். பக்கத்தில் கழிவுநீர்க் குழாய் கசிந்துகொண்டிருந்தால் அடுத்த முறை வரும் தண்ணீர் கறுத்து நாறும். எனவே கொட்டகைக்கான குழாயைத் தெரு இணைப்பிலிருந்து நேராகப் பிரிக்காமல், மேல்நிலைத் தொட்டியிலிருந்து இறக்குவதே சரி. அதில் எப்போதும் அழுத்தம் இருக்கும். கழிவுநீர்க் குழாயைத் தாண்ட வேண்டிய இடத்தில் நல்ல தண்ணீர்க் குழாய் மேலே போக வேண்டும். அந்த இடத்தில் இணைப்பு வரக்கூடாது. வீட்டுப் பக்கம் ஒரு வால்வு வைத்தால், கசிவு வந்த அன்று கொட்டகையை மட்டும் அடைத்துவிடலாம்.

மண் தள்ளுவதற்கு முன் இரண்டையும் சோதிக்க வேண்டும். குழாயில் தண்ணீர் நிரப்பி ஓரிரவு விட்டு, ஒவ்வொரு இணைப்பையும் கையால் தடவிப் பார்க்க வேண்டும். கேபிளின் காப்புத்தடையை உரிமம் பெற்ற மின்பணியாளர் 500 வோல்ட் மெகரால் அளந்தால், குறைந்தது ஒரு மெகாஓம் காட்ட வேண்டும். பிறகு, சுவரிலிருந்து கேபிளும் குழாயும் எத்தனை அடி தள்ளிப் போகின்றன என்று வரைபடம் எழுதி மெயின் போர்டுக்குள் ஒட்டிவிட வேண்டும். கொட்டகையில் தொழில் நடப்பதாயிருந்தால் பொதுவாக வீட்டுக் கட்டணத்தில் மின்சாரம் எடுக்க முடியாது; அதற்குரிய இணைப்பை மின்வாரியத்தில் முன்கூட்டியே கேட்டு வாங்க வேண்டும். ஆர்சிசிபியில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தியும் விழாத ஆர்சிசிபியை அன்றே மாற்ற வேண்டும்.