மலிவான நிழல்: புவிப்பொறியியலின் பொருளாதாரம்

பிலிப்பைன்ஸ் நாட்டின் பினாடுபோ எரிமலை 1991 ஜூனில் வெடித்தபோது சுமார் 1.5 கோடி டன் கந்தக டைஆக்சைடு வளிமண்டலத்தின் மேலடுக்கான ஸ்ட்ரேட்டோஸ்பியர் வரை எழுந்தது. அங்கே அது கந்தக அமில நுண்துளிகளாக மாறி, உலகைச் சுற்றி மெல்லிய திரைபோலப் படர்ந்தது. வெயிலில் சிறு பங்கு விண்ணுக்கே திரும்பியது. அடுத்த ஆண்டு பூமியின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ அரை டிகிரி செல்சியஸ் தணிந்தது. எரிமலை செய்ததை மனிதரும் திட்டமிட்டுச் செய்யலாமா என்ற புவிப்பொறியியல் கேள்வியை அறிஞர்கள் நெடுங்காலம் தாழ்ந்த குரலிலேயே பேசி வந்தனர். வேதியியல் நோபல் பெற்ற பால் குருட்சன் 2006-இல் இதை ஆராய வேண்டும் என்று எழுதிய பிறகு அந்தத் தயக்கம் விலகியது.

கந்தகத்தை விமானத்தில் ஏற்றித் தூவுவதே திட்டம் என்பதால், செலவுக் கணக்கு விமானத்தில் தொடங்குகிறது. பயணிகள் விமானங்கள் 10 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கின்றன. கந்தகத்தையோ 20 கிலோமீட்டருக்கு ஏற்ற வேண்டும். காற்று மெலிந்த அந்த உயரத்துக்குப் பெருஞ்சுமை கொண்டு செல்லும் விமானம் இன்று எவரிடமும் இல்லை. நீண்ட இறக்கையுடன் புதிதாக ஒன்றை வடிவமைத்தாக வேண்டும். இவற்றையெல்லாம் சேர்த்து ஆய்வாளர்கள் வேக் ஸ்மித், கெர்னாட் வாக்னர் இருவரும் 2018-இல் போட்ட கணக்கில், முதல் 15 ஆண்டுகளுக்குச் சராசரியாக ஆண்டுக்கு 225 கோடி டாலர் வந்தது. நடுத்தர நாடு ஒன்றின் அரசே தாங்கக்கூடிய தொகை இது. சிக்கலே இந்த மலிவில்தான் இருக்கிறது.

கரியமில வாயுவைக் குறைக்கும் செலவு ஒரு நாட்டுடையது. பலனோ எல்லா நாடுகளுக்கும். எனவே அடுத்தவர் குறைக்கட்டும் என்று ஒவ்வொருவரும் காத்திருக்கின்றனர். பொருளியலார் இதை ஓசிப் பயணம் என்பர். பொருளியலாளர் மார்ட்டின் வைட்ஸ்மன் இதன் மறுபுறத்தைக் காட்டினார்: நிழல் விரிப்பது மலிவு என்பதால் வண்டியை எவரும் ஓட்டலாம்; மிக அதிகக் குளிர்ச்சி வேண்டும் நாடே மற்ற எல்லோருக்குமான வேகத்தையும் முடிவு செய்யும்.

விமானக் கட்டணத்தில் சேராத செலவுகள் பெரியவை. பினாடுபோவுக்குப் பிறகு 1992-இல் உலக நிலப்பரப்பில் மழை குறைந்தது. வட அரைக்கோளத்தில் மட்டும் துகள்கள் மிகுந்தால் மழைப்பட்டை தெற்கே நகரும். ஆப்பிரிக்காவின் சாஹேல் பகுதி வறளும். ஒருவர் குளிர, இன்னொருவர் வயல் காயலாம். அந்த இழப்பை யார் மதிப்பிடுவது, யார் கொடுப்பது? பருவமழையை நம்பிய நாடுகளுக்கு இது ஏட்டுக் கேள்வியாகாது. கடல் அமிலமாவதையும் இந்தத் திரை தடுக்காது.

இன்னொன்று காலக் கணக்கு. கந்தகத் துளிகள் ஓரிரு ஆண்டுகளில் உதிர்ந்துவிடும். கரியமில வாயு நூற்றாண்டுகளுக்கு நிற்கும். உமிழ்வு குறையாமல் திரை மட்டும் விரிந்து, பிறகு போராலோ பண முடையாலோ விமானங்கள் நின்றால், மறைந்திருந்த வெப்பம் சில ஆண்டுகளுக்குள் மொத்தமாக வந்திறங்கும். அசலைத் தொடாமல் வட்டி மட்டும் கட்டும் கடன் இது என்றால் மிகையில்லை.

ஆகவே விலையைவிட முக்கியமானது, முடிவெடுக்கும் அதிகாரம் யாரிடம் என்பது. 2024-இல் நைரோபியில் கூடிய ஐ.நா. சுற்றுச்சூழல் பேரவையில் இந்த நிழல் விரிப்பைப் பற்றிய வரைவுத் தீர்மானம் ஒன்றைச் சுவிட்சர்லாந்து முன்வைத்தது. நாடுகளுக்கிடையே உடன்பாடு எட்டப்படவில்லை. வரைவு திரும்பப் பெறப்பட்டது.