மிரட்டலுக்குப் பணியாதீர்!

(வணிகர்களும் இளைஞர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரை)



வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுப்பது கடமை. அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கடன் கொடுத்தவன் உங்கள் மானத்தையும் சேர்த்து வாங்கிவிடவில்லை.

காலையில் தண்டல்காரரிடம் பணம் வாங்கிச் சரக்கெடுத்து, மாலையில் வட்டியோடு கட்டும் தள்ளுவண்டிச் சகோதரரை நீங்கள் அறிவீர்கள். ஒருநாள் தவறினால் வண்டியையே பிடுங்கிக்கொண்டு போகிறார்கள். நாமோ, 'வட்டிக்கு ஏன் வாங்கினாய்?' என்று அவரைத்தான் கடிந்துகொள்கிறோம். ஆபத்துக்கு வட்டியில்லாக் கடன் கொடுக்க மஹல்லாவில் எத்தனை பேர் முன்வந்தோம்? தண்டல், மீட்டர் வட்டி, கந்துவட்டி அனைத்தையும் தமிழக அரசின் 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. 3 ஆண்டு வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம்! அந்தச் சட்டத்தின் பெயரைக் குறிப்பிட்டே புகார் எழுதுங்கள்.

வங்கிக் கடனா? காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் வசூல் ஏஜெண்டு போன் செய்யக் கூடாது. குடும்பத்தாரையோ நண்பர்களையோ தொல்லைப்படுத்தக் கூடாது என ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் உத்தரவிட்டது. மிரட்டினால் பதிவு செய்து, வங்கிக்கு எழுத்து மூலம் புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்வு இல்லையா? ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம். கட்டணம் கிடையாது.

நம் வியாபாரிகள் செய்யும் பெரிய தவறு, கையெழுத்துப் போட்ட வெற்றுச் செக்கை நீட்டுவது. 'தொகையை அவரே எழுதிக்கொண்டார்' என்பது மட்டும் உங்களைக் காப்பாற்றாது. உச்ச நீதிமன்றம் 2019இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. செக் திரும்பி வக்கீல் நோட்டீஸ் வந்தால், பணம் கட்ட 15 நாள்தான் அவகாசம். தபால்காரரைத் திருப்பி அனுப்பிவிட்டுத் தப்பித்தோம் என்று இருக்காதீர்கள். அன்றே வழக்கறிஞரைப் பாருங்கள்.

இளைஞர்களே! போலீஸ் உடையில் வீடியோ காலில் வந்து, 'உன் ஆதார் தீவிரவாத வழக்கில் சிக்கியுள்ளது' என்கிறான். அந்தச் சொல்லைக் கேட்டதும் நம் சமுதாயத்துப் பிள்ளை நடுங்கிப் போகிறான். ஏன் நடுங்குகிறான் என்று நான் விளக்க வேண்டியதில்லை. அந்தப் பயத்தைத்தான் மோசடிக்காரன் காசாக்குகிறான். 'டிஜிட்டல் கைது' என்று ஒன்று சட்டத்திலேயே இல்லை. போனை வைத்துவிடுங்கள்.

பணம் போய்விட்டதா? உடனே 1930 எண்ணுக்கும் வங்கிக்கும் சொல்லுங்கள். வாப்பா திட்டுவார் என்று இரண்டு நாள் மறைத்தால், பணம் பல கணக்குகள் தாண்டிப் போயிருக்கும்.